வடிகாலும் குடிநீரும்

செகிஞ்சான் வயல்வெளியில் வாய்க்கால்கள் இரு வகைப்படும். ஒன்று நீரைக் கொண்டு வருவது. மற்றொன்று நெல் உண்டது போக எஞ்சியதைக் கொண்டு செல்வது. 1930ஆம் ஆண்டுகளில் தொடங்கப்பெற்ற தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்தின் வழியே பெர்ணம் ஆற்று நீர் இவ்வயல்களுக்குப் பாய்கிறது. வடிகால் நீரோ மதகுகளைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மழை பொய்க்கும்போது அவ்வடிகால் நீரையே எந்திரத்தால் இறைத்து மீண்டும் வயலுக்கு ஏற்றுவது உழவர் அறிந்த முறை. ஒருமுறை பயன்பட்ட நீர் என்று நெற்பயிர் முகம் சுளிப்பதில்லை. மனிதன் சுளிக்கிறான். குடிநீரின் வரலாற்றில் இவ்வருவருப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அதனை முதலில் வென்றது தென்மேற்கு ஆப்பிரிக்காவின் விண்ட்ஹூக் நகரம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அருகில் இல்லாத அவ்வூர், 1968ஆம் ஆண்டில் தன் கழிவுநீரையே தூய்மைப்படுத்தி, நாளொன்றுக்கு 4,800 கன மீட்டர் அளவில் நேரே குடிநீரில் சேர்க்கத் தொடங்கியது. வேறு வழியில்லாமை அங்கே துணிவாயிற்று.

சிங்கப்பூரின் கதை அவ்வளவு எளிதாக அமையவில்லை. 1961, 1962ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள்படி ஜொகூர் நீரை நம்பி வாழ்ந்த அத்தீவு, 1963ஆம் ஆண்டின் வறட்சியில் நீர்ப் பங்கீட்டின் துன்பத்தைப் பல மாதங்கள் நுகர்ந்தது. அந்நினைவு மறையுமுன், 1974இல் ஜூரோங்கில் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் சோதனை நிலையம் ஒன்று அமைக்கப்பெற்றது. நீரை வடிகட்டும் சவ்வுகள் நம்பத்தக்கனவாக இல்லை, செலவோ மிகுதி. ஏறத்தாழ ஓராண்டில் நிலையம் மூடப்பட்டது. தோல்வி என்று அதனைக் கூறுவாரும் உளர். காலத்திற்கு முந்திய முயற்சி என்பதே பொருந்தும். சவ்வுகள் திருந்திச் செலவு குறைந்தபின் 1998இல் ஆய்வு மீண்டும் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் பெடோக்கில் நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் தரும் நிலையம் எழுந்தது. நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதா ஒளி என மூன்று படிகளைக் கடந்து வந்த நீரை வல்லுநர் குழு ஈராண்டுகள் ஆராய்ந்தது.

எஞ்சியது மக்கள் மனம். கழிவுநீர் என்ற சொல்லே விலக்கப்பட்டு, 'நியூவாட்டர்', அதாவது புதுநீர், என்ற பெயர் சூட்டப்பட்டது. 2002ஆம் ஆண்டுத் தேசிய நாள் விழாவில் பிரதமர் கோ சோக் தோங்கும் திரண்டிருந்த மக்களும் அந்நீரை உயர்த்திப் பருகினர். 2003இல் வழங்கல் தொடங்கியபோது பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்கே சென்றது. சிறு பங்கு மட்டும் நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டது. சென்னையும் இத்தகைய நீரைத் தொழிற்சாலைக்கே முதலில் அளித்தது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை கொடுங்கையூரின் கழிவுநீரைத் தூய்மை செய்து பயன்படுத்தலாயிற்று.

செகிஞ்சானுக்குத் தெற்கே ஓடும் சிலாங்கூர் ஆற்றிலோ, இவ்வேலை விழாவும் பெயரும் இன்றி நடைபெற்று வருகிறது. ரவாங் போன்ற மேல்நிலை ஊர்களின் கழிவுநீர் நிலையங்கள் வெளியேற்றும் நீர் கிளையாறுகள் வழியே அதில் சேர்கிறது. கீழே பத்தாங் பெர்சுந்தையில், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊரில், அவ்வாறே குடிநீருக்காக இறைக்கப்படுகிறது. ஆறு கலக்கிறது, கதிரவன் காய்கிறது, நுண்ணுயிர்கள் உண்கின்றன. அதன்பின் எந்திரம் வடிகட்டுகிறது. 2014ஆம் ஆண்டு வறட்சியில் சிலாங்கூர் நீர்ப் பங்கீட்டைக் கண்டபோது, ஈயம் தோண்டிய பழங்குளங்களின் நீரும் இங்கே ஆற்றில் இறைக்கப்பட்டது. கழிவுநீரைக் குடிப்பதா என்று சினப்போர், தம் குழாய் நீர் எவ்வெவ்வூர்களைக் கடந்து வந்தது என்று வினவுவதில்லை.

2020 செப்டம்பரில் அவ்வினா தானே எழுந்தது. ரவாங் பகுதியில் ஆற்றில் கலந்த மாசினால் துர்நாற்றம் வீசவே, நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருந்திரளான மக்கள் வீடுகளில் குழாய்கள் வறண்டன. நீரின் மணம் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டு, நாற்றம் முற்றும் அற்றது என்று உறுதியான பின்னரே அந்நிலையங்கள் திறக்கப்பட்டன.