அன்பின் எல்லை

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடிப்பழக்கத்துக்கு ஆளான என் சிற்றப்பா காலையில் எழ இயலாது கிடக்கும்போதெல்லாம், அவருக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பாட்டி என்னையே எழுதச் சொல்வார். அதனை அன்பின் தொண்டு என்றே கருதினேன். அஃது உண்மையில் யாருக்குச் செய்த உதவி? அவருக்கா, அவருடைய குடிக்கா? பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வரலாற்றைப் படித்தபோதுதான் விடை துலங்கியது.

அவர் பெயர் லோயிஸ் வில்சன். 1918ஆம் ஆண்டில் அவர் பில் வில்சனை மணந்தார். பங்குச் சந்தையில் பொருள் ஈட்டிய பில், குடியால் நிலைகுலைந்தார். நியூயார்க் நகரத்துப் பெருங்கடையொன்றில் வேலை செய்து லோயிஸ் குடும்பத்தைத் தாங்கினார். இனிக் குடியேன் என்று குடும்ப விவிலியத்திலே பில் பலமுறை எழுதித் தந்தார். எழுத்து நின்றது, சொல் நிற்கவில்லை. தம் அன்பு ஒன்றே கணவரைத் திருத்திவிடும் என்று லோயிஸ் நம்பினார்; அந்நம்பிக்கையும் பலிக்கவில்லை.

1934 டிசம்பரில் மருத்துவமனையில் இருந்தபோது பில் குடியை விட்டார். மறு ஆண்டு ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பாப் ஸ்மித் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். அவரும் குடியால் துன்புற்றவர். இருவரும் ஒருவருக்கொருவர் துணை நின்றனர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் அவ்வாறு பிறந்தது.

கணவர் தெளிந்தபின் லோயிஸ் மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு நாள் கூட்டத்துக்கு விரைந்து வருமாறு பில் அழைத்தபோது, அவர் சினம் பொங்கித் தம் காலணியை வீசியெறிந்தார். பின்னர்த் தம் சினத்தின் வேரைத் தாமே தேடினார். தம்மால் ஆகாததைப் பிறர் செய்துவிட்டனரே என்ற மனக்குறை அங்கே இருந்தது. குடித்தவருக்கு மட்டுமன்று, உடன் வாழ்ந்தவருக்கும் மருந்து வேண்டும் என்பதை உணர்ந்தார். 1951ஆம் ஆண்டில் ஆன் என்னும் தோழியுடன் சேர்ந்து, குடும்பத்தாருக்கென 'அல்-அனான்' அமைப்பைத் தொடங்கினார்.

இவ்வுண்மை நம் நாட்டிலும் வேரூன்றியது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகின்றனர்.

மாணவ நண்பர்களே! குடிநோயாளியை வெறுத்தல் வேண்டா. அவருக்கு உணவு இடுங்கள், அருகில் அமருங்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். ஆதலின் மருத்துவர் துணை இன்றியமையாதது. ஆனால், அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். குடியால் வந்த கடனை மறைவாக அடைக்காதீர்கள்.

என் சிற்றப்பாவின் நோய்க்கு நான் காரணன் அல்லன். எனினும், நான் கடிதம் எழுதாத ஒரு காலையில் அவர் தம் நிலையைத் தாமே கண்டிருக்கக் கூடும். அந்தக் காலை அவருக்கு வாராமல் தடுத்தது என் அழகிய கையெழுத்து.