செக்ரோல் எழுதிய கைகள்

தோட்டத்தில் ‘பேர்’ என்பது பெயர் மட்டும் அல்ல. “இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?” என்று ஒரு அம்மா கேட்டால், அன்றைய சம்பளம் பதிவானதா என்று கேட்கிறார். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். இந்தப் பேர்கள் எல்லாம் போய்ச் சேரும் பதிவேடுதான் செக்ரோல்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து லயங்களிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே, நூறு வருஷத்துக்கும் மேலாக, கணக்கு எழுதும் வேலை ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. இன்று உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்து, ஏ.ஏ.ரி.யும் படித்துவிட்டு, முதல் வேலைக்காக அலையும் மலையகப் பிள்ளைகள் ஏராளம். ‘மார்க்கெட் சரியில்ல’ என்கிறார்கள். உண்மைதான், 2022இல் நாடே வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. ஆனால் நமக்கு மார்க்கெட் எப்போது சரியாக இருந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

முதலில் இருந்தது கங்காணியின் கணக்கு. தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் திரட்டுவதற்குக் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கப்பட்டது. வழிச்செலவு, சாப்பாடு, துணி, ஊரில் அடைக்க வேண்டிய பழைய கடன் என்று அவர் செலவழித்தது எல்லாம் ஆளின் தலையில் கடனாக ஏறியது. எவ்வளவு ஏறியது என்பது அவருடைய புத்தகத்துக்குத்தான் வெளிச்சம். பல இடங்களில் சம்பளமும் அவர் கை வழியாகவே வந்தது. அவர் கழித்ததுபோக மிச்சம்தான் ஆளுக்கு. வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தனியே தலைக்காசு வேறு. கணக்கீட்டுப் பாடத்தில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் படிக்கிறோமே, இங்கே இரண்டு பக்கத்தையும் எழுதியவர் ஒரே ஆள். கைநாட்டு வைத்தவருக்கு எந்தப் பக்கமும் வாசிக்கத் தெரியாது.

இதன் உச்சம் துண்டு முறை. ஒரு கூட்டம் தோட்டம் மாற வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். மனிதர்களின் விலை ஒரு தாளில் எழுதிய இலக்கமாக இருந்தது! இதைச் சட்டம் தடை செய்தது 1921இல்தான்.

கங்காணிகளுக்கும் தோட்டங்களுக்கும் பணம் புரட்டிக் கொடுத்தவர்களில் கொழும்பு செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு. அவர்களுடைய கடைகளில் கணக்குப் படிப்பதற்கு ஒரு ஏணி இருந்தது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாள். அனுபவம் இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள், அனுபவத்தையே கடைதான் கொடுத்தது. ஆனால் ஏணியில் கால் வைக்க முதலில் அந்தச் சமூகத்தில் பிறந்திருக்க வேண்டும்.

தோட்ட அலுவலகத்திலும் கதை வேறு மாதிரி இல்லை. பெரிய கிளாக்கர், சின்னக் கிளாக்கர் நாற்காலிகளுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தவர், மலையாளிகள், பறங்கியர், சிங்களவர் எனப் பலர் வெளியிலிருந்து வந்தார்கள். உள்ளிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கங்காணிமாரின் பிள்ளைகள், ஏனென்றால் டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவர்களிடம்தான் வசதி இருந்தது. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் அப்படியொரு குடும்பத்தில் பிறந்தவர்தான். லயத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரே ஆசிரியர், ஒரே அறை கொண்ட தோட்டப் பள்ளிக்கூடம். 1945இல் வந்த இலவசக் கல்வி அந்தப் பள்ளிக்கூடங்களை எட்டவில்லை. அரசாங்கம் அவற்றைப் பரவலாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். முப்பது வருஷம் பிந்திய பஸ்.

இந்தக் கணக்கை வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்டவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், ‘வர்த்தகமித்திரன்’ என்று வணிகர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். அந்நியர் உள்ளே நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் போனார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைத் தொடங்கினார். மலையகத் தொழிற்சங்கத்தின் தொடக்கத்தில் வரவுசெலவு தெரிந்த ஒரு மனிதர் நின்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்துக்கு வெளியே அரசாங்க எழுதுவினைஞர் வேலை என்று ஒன்று இருந்ததே என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தக் கதவையும் அடைத்தது. பிரஜை இல்லாதவருக்கு அரச வேலை இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். நம்மைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பெரிய பேரேடு அதுதான். 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களோடுதான் அந்தக் கணக்கு முடிந்தது. அதாவது, நமது பெற்றோரில் பலர் வேலை தேட வேண்டிய வயதில் விண்ணப்பப் படிவத்தின் ‘பிரஜாவுரிமை’ என்ற கட்டத்திலேயே நின்றுபோனார்கள். பிறகு ஆசிரியர் நியமனங்கள் வந்தன. மலையகத்தில் படித்தவர் என்றாலே ‘மாஸ்டர்’ ஆனது அப்படித்தான்.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் வந்தது. கணக்கின் பாதை மட்டும் மாறவே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் செக்ரோல் மலையில், வருடக் கணக்கு கொழும்பு ஏஜென்சி ஹவுஸிலும் லண்டனிலும். இப்போது பதிவு மலையில், கணக்காளர் உட்கார்ந்திருப்பது கொழும்புத் தலைமை அலுவலகத்தில். பல தோட்டங்களில் செக்ரோல் கணினிக்குப் போய்விட்டதால், மூன்று பேர் பார்த்த வேலையை ஒருவரே முடித்துவிடலாம்.

இதில் பாதிக்கப்படுவது வேலை தேடுபவர் மட்டும் இல்லை. செக்ரோலில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து என்று இருந்தால், முப்பது வருஷம் கொழுந்து எடுத்த அம்மா தன் ஈ.பி.எஃப். பணத்துக்காகச் சத்தியக்கடதாசியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். ராமாயியும் ராமையும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. பெயரைத் தமிழில் சரியாகக் கேட்டு எழுதத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி இல்லை.

இன்றைய விளம்பரங்கள் ‘இரண்டு வருட அனுபவம், சிங்களமும் ஆங்கிலமும்’ என்று கேட்கின்றன. மொழியைப் படித்துக்கொள்ளலாம். அனுபவத்தை எங்கே போய்ப் படிப்பது? கொழும்பில் அறை வாடகை கட்டிக்கொண்டு, கொடுப்பனவு இல்லாமல் ஆறு மாதம் பயிற்சி எடுக்க லயத்து வீட்டில் காசு இல்லை. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரே கணக்கு அலுவலகம் தோட்ட அலுவலகம். 2021இல் 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபோதும், 2024இல் அது 1350 ஆனபோதும் பேச்சு சம்பளத்தையும் கிலோவையும் சுற்றியே இருந்தது. அது தேவையான பேச்சுத்தான். அடுத்த முறை சங்கங்கள் கம்பனிகளோடு உட்காரும்போது, ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் அந்தத் தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்குச் சம்பளத்தோடு ஒரு வருடப் பயிலுநர் இடம் என்று ஒரு வரியைச் சேர்த்துக் கேட்கலாம். நாற்காலி ஏற்கெனவே அங்கே இருக்கிறது.