நிற்கும் காட்டுக்கு என்ன விலை? உலு மூடா சொல்லும் கணக்கு

பட்டர்வொர்த்திலும் ஜார்ஜ்டவுனிலும் குழாயைத் திறந்தால் கொட்டும் தண்ணீரில் பெரும்பகுதி அண்டை மாநிலமான கெடாவின் காட்டிலிருந்து வருகிறது. தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காட்டில்தான் சுங்கை மூடா உற்பத்தியாகிறது. பினாங்கு தனக்குத் தேவையான மூல நீரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை அந்த ஆற்றிலிருந்தே எடுக்கிறது. சுமார் 160,000 ஹெக்டர் பரப்புள்ள இந்தக் காட்டை நம்பியே மூடா, பெடு, ஆனிங் அணைகள் நிரம்புகின்றன. நாட்டின் மிகப் பெரிய நெல் களஞ்சியத்துக்கும் தண்ணீர் அங்கிருந்தே போகிறது.

மழைநீரைப் பிடித்து வைப்பது, வடிகட்டுவது, மெல்ல மெல்ல ஆற்றுக்கு விடுவது, மண் அரிப்பைத் தடுப்பது ஆகியவற்றைக் காடு கூலி இல்லாமல் செய்கிறது. இவற்றையே 'சூழல் சேவைகள்' என்கிறார்கள்.

விடுபட்டுப்போன வரவு

காட்டில் மரத்தை வெட்டி விற்றால், அந்தத் தொகை நாட்டின் மொத்த உற்பத்தியில் சேரும். மரம் நின்றபடி தண்ணீரைக் காத்தால் காட்டின் பெயரில் எதுவும் பதிவாகாது. வீட்டு நகையை விற்றுவிட்டு அதைச் சம்பளம் என்று கணக்கு எழுதுவது போன்றது இது.

இழப்பு வந்தாலும் கணக்கு கோணலாகவே இருக்கிறது. 2021 இறுதியில் தொடங்கிய பெருவெள்ளத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட சேதம் 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. ஆனால், இடிந்த பாலத்தைத் திரும்பக் கட்டும் செலவு பொருளாதார வளர்ச்சியாகவே பதிவாகிறது.

இந்தக் குறையைச் சரிசெய்யவே சுற்றுச்சூழல் கணக்கியல் வந்தது. காட்டின் பரப்பு, அதன் நிலை, அது தரும் சேவை, முடிந்த இடங்களில் அதன் பண மதிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் அனைத்துலக முறையை ஐக்கிய நாடுகளின் புள்ளிவிவர ஆணையம் 2021 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது.

மாநிலங்களின் சங்கடம்

மலேசிய அரசியலமைப்பின் 9ஆவது அட்டவணைப்படி நிலமும் காடும் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்தில் உள்ளன. வருமான வரியோ கூட்டரசுக்குப் போகிறது. அதனால் நிலவரி, வெட்டுமரம், கனிமம் ஆகியவையே பல மாநிலங்களின் முக்கிய வருவாய். காட்டைக் காப்பாற்றும் மாநிலம் வருமானத்தை இழக்க, அதன் பலன் அண்டை மாநிலத்துக்குப் போகிறது. கெடா பல ஆண்டுகளாக இழப்பீடு கேட்பதும், மூல நீருக்குப் பணம் தர பினாங்கு மறுப்பதும் இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்குக் கூட்டரசு கண்டுள்ள வழி 'சூழலியல் நிதிப் பரிமாற்றம்'. காட்டைப் பாதுகாக்கும் மாநிலங்களுக்கு நேரடியாக நிதி வழங்கும் திட்டம் இது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் 6 கோடி வெள்ளியுடன் அறிவிக்கப்பட்டது. 2024இல் அது 20 கோடியாகவும் 2025இல் 25 கோடியாகவும் உயர்ந்தது. ஆனாலும் 13 மாநிலங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 2 கோடி வெள்ளிகூட வராது. மரம் வெட்ட உரிமம் கொடுத்தால் கிடைக்கும் வருமானத்துக்கு அது ஈடாகுமா என்பதே மாநிலங்களின் கேள்வி.

பச்சையெல்லாம் காடல்ல

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரப்பரும் செம்பனையும் தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைதான். ஆனால் அடர்ந்த காட்டின் மண்ணைப் போல் அவற்றின் மண் நீரைப் பிடித்து வைப்பதில்லை. வனக் காப்பு நிலத்துக்குள்ளேயே இயற்கைக் காட்டை அழித்து மரத்தோட்டம் போட்டாலும், காகிதத்தில் அது 'காடு' என்றே நீடிக்கலாம். எனவே ஹெக்டரை மட்டும் எண்ணினால் போதாது. காட்டின் தரத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

மக்களுக்கும் ஒரு வாய்ப்பு

2022இல் திருத்தப்பட்ட தேசிய வனச் சட்டம், வனக் காப்பு நிலத்தை அந்தத் தகுதியிலிருந்து நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்கிறது. மாநிலச் சட்டமன்றங்களும் ஏற்றால்தான் அந்தத் திருத்தம் அங்கே நடைமுறைக்கு வரும். தங்கள் மாநிலம் ஏற்றுள்ளதா என்று குடியிருப்பாளர் சங்கங்களும் தோட்டத் தலைவர்களும் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். விசாரணை அறிவிப்பு வந்தால், அந்தக் காட்டிலிருந்து எந்த ஆற்றுக்குத் தண்ணீர் போகிறது, எத்தனை குடும்பங்கள் அதை நம்பியுள்ளன என்ற விவரத்தோடு ஆட்சேபத்தை எழுத்து மூலம் கொடுப்பது நல்லது.