பிடிஏ என்றால் என்ன? ஸ்மார்ட்போன் பரவலாகும் முன்பே வந்த இந்தியாவின் 'சிம்ப்யூட்டர்'!

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பும் முன் பஸ் நேரம், சொந்தக்காரர் நம்பர் என எல்லாத்தையும் செல்போனிலேயே பார்த்துவிடுகிறோம். முன்பு இதற்கென்றே ஒரு தனிக் கருவி இருந்தது. அதுதான் பிடிஏ.

பிடிஏ என்ன செய்யும்?

முகவரி, நாட்காட்டி, குறிப்புகளைச் சேமிக்கும் உள்ளங்கை அளவு கணினி இது. திரையில் பேனா போன்ற குச்சியால் எழுதலாம். 1993-ல் ஆப்பிளின் நியூட்டன், 1996-ல் பாம் பைலட் வந்தன.

இந்தியாவில் வந்ததா?

வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான் சிம்ப்யூட்டர். 2001-ல் அறிமுகமானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக, திரையில் உள்ளதை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் செருகினால் அவரவர் தகவல் வரும். 2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் 'அமிடா சிம்ப்யூட்டர்' விற்பனைக்கு வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதற்குள் செல்போன்கள் முந்திக்கொண்டன.

நமக்கு என்ன பாடம்?

அன்றைய பாம் பைலட்டில் பேட்டரி முழுசா தீர்ந்தால் தகவலும் அழிந்துவிடும். அதனால் கம்ப்யூட்டருடன் இணைத்து நகல் எடுத்து வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தேவை. திருவிழாக் கூட்டத்தில் செல்போன் தொலைந்தால், வீட்டு நம்பர் உங்களுக்கு மனப்பாடமா?

* காண்டாக்ட் நம்பர்களை இமெயில் கணக்கில் சேமியுங்கள்.
* திரைக்கு லாக் போடுங்கள்.
* முக்கியமான நாலு நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி, பர்ஸில் வையுங்கள்.