காசு சுண்டும் காவல்காரர்

வாசலில் நம் வீட்டுப் பெண்கள் போடும் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதியவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி (1929–2019), அவர்களுடன் கமலா கிருத்திவாசன். கட்டுரை வந்த ஆண்டு 1974. 1983இல் ராணி அம்மையார் சகாக்கள் இருவருடன் இன்னொரு படி போய், முடிவே இல்லாமல் விரியும் வடிவங்களை ஆராய்ந்தார்.

இந்தத் துறைக்கு ஆட்டோமேட்டா என்று பெயர். சிறிதளவே ஞாபகம் உள்ள கற்பனை இயந்திரங்களின் கணக்கு அது. அணையின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் கருவிக்குக் கடைசி நாள் கிடையாது அல்லவா? அப்படி ஓயாமல் வரும் செய்தியைப் படிக்கும் இயந்திரத்தை 1960களின் தொடக்கத்தில் பூகி என்பவர் வகுத்தார். காசு சுண்டி முடிவெடுக்கும் இயந்திரத்தை 1963இல் மைக்கேல் ராபின் கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று 2005இல் ஜெர்மனியில் கிறிஸ்டல் பையரும் மார்க்குஸ் கிரோசரும் பார்த்தார்கள்.

நம் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்துக் காவல்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு தரம் காசு சுண்டுவார். முதலாளி வருவதற்குள் ஒருமுறையாவது தலை விழுந்திருந்தால் வேலை நிலைக்கும், இல்லையேல் போய்விடும். முதலாளி வந்துபோனதும் கணக்கு புதிதாகத் தொடங்கும். தலை விழுந்ததா, இல்லையா என்பது மட்டுமே அவருக்கு ஞாபகம்.

முதலாளி 10 மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தால், ஒவ்வொரு வருகையிலும் வேலை போகும் வாய்ப்பு 1024இல் 1தான். ஆனால் வருகைக்கு முடிவில்லையே! என்றாவது வேலை போவது உறுதி. இடைவெளி 1, 2, 3, 4 மணி என்று நீண்டுகொண்டே போனால், ஆபத்து 1/2, 1/4, 1/8 என்று தேய்கிறது. காலமெல்லாம் வேலையில் இருக்கும் வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 29. எண்ணவே தெரியாதவர், இடைவெளி வளர்கிறதா என்பதைப் பிரித்துக் காட்டிவிட்டார்! காசு இல்லாத இயந்திரத்தால் இது ஆகாது.

இந்தச் சக்திக்கு விலை உண்டு. 'இப்படிப்பட்ட ஓர் இயந்திரம் கொஞ்சமாவது தேறும்படியான வருகை வரிசை ஏதாவது உண்டா?' என்று கேட்டால், எல்லா இயந்திரங்களுக்கும் விடை சொல்லும் பொதுவழி இல்லை என்று 2008இல் அவ்விருவரும் நத்தலி பெர்ட்ரானும் நிறுவினார்கள். 'முழு வாய்ப்போடு தேறுமா?' என்று கேட்டால் வழி இருக்கிறது.

ரயில் சிக்னலும் இதயத்துடிப்புக் கருவியும் ஓயாமல் ஓடுபவைதாம். அவற்றைச் சோதிப்பவர், எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.