மணியும் லாந்தரும்

மணப்பாறைச் சந்தைக்கு இராத்திரியோடு இராத்திரியாகப் போன மாட்டு வண்டிகளுக்கு ஹாரனும் கிடையாது, முன்விளக்கும் கிடையாது. காளையின் கழுத்து மணி வழி கேட்டது. வண்டிக்கு அடியில் தொங்கிய அரிக்கேன் லாந்தர் ஆள் வருவதை அறிவித்தது. பாதையை அது காட்டிற்றோ இல்லையோ, வண்டியைக் காட்டிற்று. வண்டிக்காரர் தூங்கிப் போனாலும் இவை இரண்டும் தூங்குவதில்லை!

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1921-ல் மோட்டாருக்கு மின்சார ஹாரனையும், 1923-ல் சைக்கிளுக்கு டைனமோ விளக்கையும் விற்பனைக்குக் கொண்டு வந்தது. டைனமோ டயரில் உரசிச் சுழன்றால்தான் வெளிச்சம். மேட்டில் மிதிப்பவருக்கு மூச்சு வாங்கினால் விளக்குக்கும் மூச்சு வாங்கும். இறங்கி நின்றால் ஒரே இருட்டு. அதற்காக விளக்கே இல்லாமல் கிளம்பினாலோ, போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கி விடுவார்.

1960-களில் வெஸ்பா ஸ்கூட்டர் பரவிற்று. அதில் ஹாரனுக்கும் விளக்குக்கும் தாய் ஒருத்திதான்: இஞ்சினோடு சுழலும் மாக்னெட்டோ. திருச்சி - திண்டுக்கல் சாலையில் எதிரே ஏதோ அசைகிறதென்று வேகத்தைக் குறைத்தால் விளக்கு மங்கும். பயந்து ஹாரனை அமுக்கினால், இருந்த வெளிச்சத்திலும் பாதியை அது பிடுங்கிக் கொள்ளும். அப்புறம் ஸ்கூட்டர்காரருக்குத் துணை, எதிரே ஆடி ஆடி வருகிற அந்த லாந்தர்தான்.