ஒரு நகரத்தின் நேர்த்திக்கடன்



நோய் தீர்ந்தவர் இறைவனுக்குச் செலுத்தும் காணிக்கையை நாம் நேர்த்திக்கடன் என்கிறோம். ஒரு நகரமே நேர்ந்துகொண்டு, தலைமுறை கடந்தும் அக்கடனைத் தீர்த்த வரலாறு ஒன்றை இன்று கூற விழைகிறேன். அந்நகரம் இத்தாலியிலுள்ள வெனிஸ்.

1630ஆம் ஆண்டில் அங்குப் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. அடங்குவதற்குள் ஏறத்தாழ 46,000 உயிர்களை, அதாவது நகர மக்களில் மூன்றில் ஒரு பங்கினரை, அது கொண்டுபோயிற்று. அந்நோயின் கிருமி கண்டறியப்பட்டதோ 1894இல்தான்.

ஆயினும் வெனிஸ் மக்கள் கைகட்டி நின்றாரல்லர். 1423ஆம் ஆண்டிலேயே பிளேக் நோயாளிகளுக்கெனத் தனித்தீவில் மருத்துவமனை கண்டவர்கள் அவர்கள். நோயுள்ள இடங்களிலிருந்து வந்தோரையும் சரக்குகளையும் நாற்பது நாள் ஒதுக்கி வைப்பது அவர்தம் வழக்கம். நாற்பதைக் குறிக்கும் அவர்கள் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்னும் பெயர் பிறந்தது.

அவ்வளவு செய்தும் நோய் தணியவில்லை. 1630 அக்டோபர் 22ஆம் நாள், நகரம் விடுபட்டால் கன்னி மரியாளுக்குக் கோயில் எடுப்பதாக ஆட்சி மன்றம் நேர்ந்துகொண்டது. அப்போது ஆட்சித் தலைவராயிருந்த நிக்கோலோ கொந்தாரினி 1631 ஏப்ரலில் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் நகரம் நோயினின்று விடுபட்டது.

ஆபத்து நீங்கியபின் வாக்கை மறப்பது எளிது. வெனிஸ் மறக்கவில்லை. சேற்று நிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கம்பங்களை இறக்கி அடித்தளம் இட்டார்கள் என்பர். முப்பது வயதைச் சற்றே கடந்த லொங்கேனா என்னும் சிற்பி பணியை ஏற்றார். அவர் 1682இல் மறைந்தார். கோயில் திருநிலைப்படுத்தப்பட்டது 1687இல். நேர்ந்தவர் ஒரு தலைமுறையினர். நிறைவேற்றியவர் மற்றொரு தலைமுறையினர். 'சலூத்தே' என்பது அக்கோயிலின் பெயர். நலம் என்பது அதன் பொருள். இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் 21ஆம் நாள், பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைத்து, மக்கள் அங்குச் சென்று மெழுகுவத்தி ஏற்றுகின்றனர்.

நோய் தணிந்தது வேண்டுதலாலா, விலக்கி வைத்ததாலா என்று என் வகுப்பில் மாணவர் வினவுவதுண்டு. வேண்டுதலின் ஆற்றலை அளக்கும் கோல் வரலாற்றாசிரியனிடம் இல்லை என்பேன். மக்கள் என்ன செய்தார்கள் என்பதையே அவன் காட்டவியலும். அவர்கள் தீவில் நோயாளிகளைப் பேணினார்கள். கோயிலில் நன்றி செலுத்தினார்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிட்டாரல்லர்.

பிழைத்தவர் எழுப்பிய அக்கோயில், பிழையாதவரையும் நினைவூட்டி நிற்கிறது. நன்றியும் நினைவும் பிரியாதவை என்பதை நீங்கள் உணர்வீர்களாக.